பாதிரி மலையைத் தாங்கிப் பிடித்தவன்

ஹால்வாருக்கு அக்கா புருஷன் மேல் பதினொரு வருஷமாக ஒரு மனத்தாங்கல். மனத்தாங்கல் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி. காலையில் எழுந்து படகுத்துறைக்குப் போகும்போது தொடங்கும், சாயங்காலம் கடைசிப் படகைக் கட்டிப்போட்ட பிறகும் அடங்காது.

அக்கா புருஷன் எய்லிவ் காபி குடிப்பதை நிறுத்தினான். சங்கதி அவ்வளவுதான்.

ஒருவன் காபியை நிறுத்தினால் மைத்துனனுக்கு என்ன போச்சு? போச்சு. நிறுத்தியவன் சும்மா இருக்கவில்லை. தான் காபியை விட்டதனால்தான் மலை விழாமல் நிற்கிறது என்றான். அந்த மலைக்கு நேர் கீழே இருந்த வீட்டில், ஹால்வாரின் கூடப்பிறந்த அக்காவைப் படுக்க வைத்துக்கொண்டு சொன்னான்.

மலையின் பெயர் பாதிரி. கறுத்த பாறை, கழுத்தைச் சுற்றிக் கோடையிலும் கரையாத வெள்ளைப் பனி. அந்த ஊர்ப் பாதிரிக்கும் கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை; பெயர் வைத்தவனுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற பாதிரி, மலையடியில் இருந்த ஹெல்லதூன் என்கிற அந்த ஊருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு படகேறி வருவார். கல் பாதிரி எந்நேரமும் தலைக்கு மேலே நிற்பார். அந்தக் கல் பாதிரியின் முதுகில்தான் விரிசல் விட்டது. முதலில் ஆட்டுக்குட்டி விழுந்து மாட்டிக்கொள்கிற அகலம். அப்புறம் ஆடு. அப்புறம் ஆட்டைத் தேடிப் போனவன்.

ஹெலிகாப்டரில் அளவைக்காரர்கள் வந்தார்கள். கம்பி நட்டார்கள், கண்ணாடி பொருத்தினார்கள். மலை ஒரு நாளைக்கு எவ்வளவு நகர்கிறது என்று தினமும் கைப்பேசியில் செய்தி வர ஆரம்பித்தது. பச்சை என்றால் தூங்கலாம். மஞ்சள் என்றால் தூங்கலாம், ஆனால் காலுறையோடு. சிவப்பு என்றால் மலையடியில் இருக்கிற ஒன்பது வீடும் காலி பண்ணிக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாயில் படுக்க வேண்டும். அந்தக் கடல் இரண்டு மலைக்கு நடுவே நுழைந்து வந்த ஒடுங்கின கடல். இக்கரைக்கும் அக்கரைக்கும் படகில் இருபது நிமிஷம்.

அந்தப் படகில்தான் ஹால்வாருக்கு வேலை. வண்டிகளை ஏற்றி நிறுத்துவது, சங்கிலி மாட்டுவது, மிச்ச நேரத்தில் காபி குடிப்பது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கப். படகோட்டி ஸ்டெய்னாரும் அதே கணக்கு. இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள்.

"பாதிரி இன்னிக்கு எவ்வளவு நகந்தாராம்?"

"ரெண்டு மில்லிமீட்டர்."

"பரவாயில்லையே. நம்ம உசுரோட இருக்கிறவரு போன மாசம் பூரா அதுகூட நகரலை."

எய்லிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு ஆடு, இரண்டு பசு, ஒரு உருளைக்கிழங்கு வயல். பண்ணை அவனுடையது இல்லை, ஹால்வாரின் அம்மா வழி வந்தது. மூத்தவள் குன்வோருக்குப் பண்ணை வந்தது. பண்ணையோடு சேர்ந்து எய்லிவுக்குக் குன்வோர் வந்தாளா, குன்வோரோடு சேர்ந்து பண்ணை வந்ததா என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். எப்படியோ, உழைப்பாளி. நீட்டுக் கை, நீட்டு மூக்கு, பேசும்போது எதிராளியின் தலைக்கு மேலே பார்ப்பான், அங்கே ஒருத்தர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

அவனுக்கு ஊரில் மரியாதை வந்தது ஜெபவீட்டால். ஜெபவீட்டுக்காரர்கள் கோயில்காரர்களைவிட ஒரு படி இறுக்கம். சாராயம் இல்லை, சீட்டு இல்லை, நடனம் இல்லை, சினிமா இல்லை. ஜன்னலுக்குத் திரை போடுவதுகூட ஒரு காலத்தில் விவாதத்துக்கு வந்தது. ஆனால் காபி உண்டு. காபி மட்டும் உண்டு. உலகத்தில் விட்டது அத்தனையையும் அவர்கள் அந்த ஒரு கோப்பைக்குள் சேர்த்து வைத்துக் குடித்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு கப், பிரசங்கம் முடிந்ததும் ஒரு கப், சாட்சி சொன்னதும் ஒரு கப்.

அந்தக் காபியைப் போடுகிறவன் எய்லிவ். பெரிய கெண்டியில் தூளைப் போட்டு மூன்று கொதி விடுவான். மூன்றாவது கொதி பொங்கி மூக்கை எட்டும்போது இறக்கி, காய்ந்த மீன் தோல் ஒரு துண்டைப் போட்டு, தூள் அடியில் இறங்கும்வரை ஒரு சங்கீதம் பாடுவான். கறுப்பாக, தெளிவாக, சூடாக வரும். எய்லிவின் காபிக்காகவே மனந்திரும்பினவர்கள் இரண்டு பேர் உண்டு என்று ஸ்டெய்னார் அடித்துச் சொல்வான். எய்லிவும் குடிப்பான், சாசரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, உறிஞ்சுகிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்கும். கண்ணை மூடிக்கொள்வான். ஜெபத்தில்கூட அவன் அப்படி மூடிப் பார்த்ததில்லை.

முதல் சிவப்பு வந்த அக்டோபரில் ஜெபவீட்டில் கூட்டம் போட்டார்கள். மலை நிற்க வேண்டும் என்றால் கர்த்தருக்கு ஏதாவது விட்டுக்கொடுத்துப் பொருத்தனை பண்ண வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் அவர்கள் அப்பன், தாத்தன் காலத்திலேயே விட்டாகிவிட்டது. கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்த வீட்டில் குப்பை கேட்டால் யார் எங்கே போவது? ஒருத்தி புது வருஷத்திலிருந்து வாசனை சோப்பு வாங்கமாட்டேன் என்றாள். மலை அளவுக்கு அது போதாது என்று அவளுக்கே தெரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எய்லிவ் அடுப்படியிலிருந்து, கையில் கெண்டியோடு, வந்து நின்றான்.

"ஆண்டவரே, பொருத்தனை பண்றேன். அந்த மலையை நீர் தாங்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் என் நாக்குல காபி படாது."

பெஞ்சில் இருந்தவர்கள் அழுதுவிட்டார்கள். நாலு வருஷம் முன்னால் ஒருவன் குடியை விட்டு அதே இடத்தில் நின்று சாட்சி சொன்னான். அதற்கு ஒரு கண்கூட நனையவில்லை. காபி என்றதும் மொத்தக் கூடமும் மூக்கைச் சிந்தியது. அழுது முடித்து எல்லாரும் ஆளுக்கொரு கப் குடித்தார்கள். துக்கம் தீர வேண்டுமே.

பத்து நாளில் மலை நின்றது. மழை விட்டுக் குளிர் இறுகினால் விரிசலுக்குள் தண்ணீர் இறங்காது, மலை நகராது, ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் என்று அளவைக்காரர்கள் சொன்னார்கள். அது அவர்கள் சொன்னது. ஜெபவீட்டில் சொன்னது வேறே. மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது: பின்னால் பாதிரி, முன்னால் எய்லிவ், கையில் வெந்நீர்க் கோப்பை. படகில் அந்தப் பக்கத்தை யாரோ கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். ஹால்வார் அதைத் தினமும் பார்த்துக்கொண்டே துடைக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் எய்லிவோடு ஒரு மேஜையில் உட்காருவது பெரும் பாடாகிவிட்டது. அந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போய்க் காபி வேண்டாம் என்றால், உன் மூஞ்சி பிடிக்கவில்லை என்று சொன்ன மாதிரி. எய்லிவ் எல்லார் வீட்டிலும் போய்ச் சொன்னான். கோப்பை மேல் உள்ளங்கையை விரித்து மூடி, "எனக்கு வெந்நீர் போதும், தாயி" என்பான், குரலைத் தாழ்த்தி. வீட்டுக்காரி மனசு கஷ்டப்பட்டு வெந்நீர் வைப்பாள். அதை அவன் சாசரில் ஊற்றி உறிஞ்சுவான். சுற்றி இருப்பவர்கள் குற்றவாளிகள் மாதிரித் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள். ஜெபவீட்டிலும் அவன்தான் தொடர்ந்து காபி போட்டான். ருசி பார்க்காமல் போட்டான். ஒரு வாரம் தார், ஒரு வாரம் கழுநீர். பொருத்தனை பண்ணியது அவன், குடித்து அனுபவித்தது ஊர்.

ஹால்வாரின் ஐம்பதாவது பிறந்தநாளில் வெளிப்படையாகவே சண்டை வந்தது. படகுத்துறைப் பக்கம் அவனுடைய இரண்டு அறை வீட்டில் வைத்து, அவனே காபி ஊற்றிக்கொண்டு வந்தான். எய்லிவ் வழக்கம்போல் கோப்பையை உள்ளங்கையால் மூடினான். ஹால்வார் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஐயோ, மச்சான்! கை!"

"எடுக்க வேண்டியதுதானே?"

எய்லிவ் எடுக்கவில்லை. கொப்புளம் போட்டது. அடுத்த ஞாயிறு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, கூட்டத்தில் சாட்சி சொன்னான். ஹால்வார் பெயரைச் சொல்லவில்லையாம். "இந்த உலகத்தான் ஒருத்தன்" என்றானாம். அந்த ஊரில் அந்த வயசில் ஜெபவீட்டுக்கு வராத உலகத்தான் இரண்டே பேர், அதில் ஒருவன் ஸ்டெய்னார்.

ஆனால் ஹால்வாருக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. அதை வைத்துத்தான் அவன் பதினொரு வருஷத்தைத் தள்ளினான்.

குன்வோர் சனிக்கிழமை தோறும் பழுப்புக் கேக் போடுவாள். அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம். கோகோ, மோர், வெண்ணெய், அப்புறம் காலையில் மிச்சமாகி ஆறிப்போன கறுப்புக் காபி ஒரு முழு கப். அதுதான் நிறத்துக்கும் ஈரத்துக்கும். பொருத்தனை பண்ணின அடுத்த சனிக்கிழமை ஹால்வார் அக்கா வீட்டில் இருந்தான். எய்லிவ் கேக்கில் இரண்டு துண்டு தின்று, மூன்றாவது துண்டை எடுத்து, "குன்வோர், உன் கேக்கு இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றான். ஹால்வார் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத ஈயை விரட்டினாள்.

பண்ணையிலிருந்து துறைவரைக்கும் ஹால்வார் சிரித்துக்கொண்டே இறங்கினான். ஸ்டெய்னாரிடம் மட்டும் சொன்னான். படகு நடுக்கடலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவு சிரிப்பு. எய்லிவ் பாவம், மலையைத் தாங்குகிறேன் என்று நிற்கிறான். முதல் வாரமே பிடி விட்டுப்போச்சு, மலைக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

நல்ல வேடிக்கைதான். ஆனால் வருஷா வருஷம் இலையுதிரும் காலத்தில் மழை பிடிக்கும், சிவப்பு வரும், எட்டு வீடு காலியாகும். ஒன்பதாவது வீடு காலியாகாது. எய்லிவ் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான்.

"நாங்க வரலை. பொருத்தனை பண்ணினவன் மூட்டை கட்டினா, அதுக்குப் பேரு நம்பிக்கையில்லாமை."

அவனுக்குப் பின்னால், அடுப்படியில், குன்வோர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள்.

போலீஸ்காரி தூரில் வருவாள். சிவப்பு என்றால் இழுத்துக்கொண்டு போகவே அவளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சின்ன வயசில் அவளுக்கு ஞாயிறு வகுப்பில் நோவா கதை சொல்லிக்கொடுத்ததே எய்லிவ்தான்; வெள்ளத்தின்போது கதவைத் திறக்காதவனை எப்படி இழுப்பது என்று அந்த வகுப்பில் சொல்லித்தரவில்லை. எய்லிவ் அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பான். அவள் மூன்று கப் குடிப்பாள். "மாமா, இந்தத் தடவையாவது..." என்பாள். நாலாவது கப்புக்கு முன்னால் எழுந்து போய்விடுவாள்.

ஹால்வார் அக்கரையில் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அக்கா வீட்டு விளக்கைப் பார்ப்பான். எட்டு வீடும் இருட்டு, மேலே பாதிரி இருட்டு, நடுவில் ஒரு மஞ்சள் ஜன்னல். அப்போது அந்தக் கேக் சமாசாரம் அவனுக்குச் சிரிப்பாக இருக்காது. சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். அதற்குள் பாதிரி மறுபடி நின்றுவிடுவார், பச்சை வந்துவிடும். சொல்லாமல் வைத்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் சிரிக்கலாம் என்று வைத்துக்கொள்வான். எய்லிவ் காபியை விட்டான் என்றால் ஹால்வார் இந்த ஒன்றை விடவில்லை. ஆளுக்கொரு பிடிவாதம்.

பதினோராவது வருஷம் மழை விடவேயில்லை. பன்னிரண்டு நாள். பாதிரி மில்லிமீட்டரை விட்டுச் சென்டிமீட்டருக்கு வந்தார். அஞ்சு, பத்து, வெள்ளிக்கிழமை இருபது. மேலிருந்து கல் உருளுகிற சத்தம் துறைவரை கேட்டது, யாரோ மாடியில் மேஜை நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி. இந்தத் தடவை அளவைக்காரர்கள் வேடிக்கை பேசவில்லை. அதுதான் ஹால்வாருக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் படகு.

"அரை மணி நேரம் பொறு" என்றான் ஸ்டெய்னாரிடம்.

"இருபது நிமிஷம். அதுக்கு மேல உன் மச்சானோட சேந்து நீயும் தாங்கிப் பிடிச்சுக்க."

ஹால்வார் ஓடினான். ஐம்பத்தெட்டு வயசில் மேட்டில் ஓடுகிற ஓட்டம். வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜையில் பழுப்புக் கேக் வெட்டி வைத்திருந்தது. எய்லிவ் வாயில் ஒரு துண்டு. அடுப்பில் கெண்டி. அலமாரியில் இருந்த தட்டெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிண்கிணி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கோட்டை மாட்டு."

"உக்காரு, ஹால்வார்," என்றான் எய்லிவ். "மூச்சு வாங்குது உனக்கு. பதினொரு வருஷமா நின்னது இன்னிக்கு..."

"நின்னதா? யாரு நிறுத்தினது? நீயா?" ஹால்வார் மேஜையில் குத்தினான். "உன் வாயில இருக்கு பாரு காபி! அந்தக் கேக்குல ஒரு கப் காபி இருக்கு! அம்மா காலத்துலேருந்து இருக்கு! பதினொரு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை நீ காபியைத்தான் மென்னு தின்னுட்டிருக்கே, முட்டாளே!"

எய்லிவ் மெல்லுவதை நிறுத்தினான். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னம் புடைத்தபடி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"குன்வோர்?"

குன்வோர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "ஒரு கப்பு."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"நீ முதல் வாரம் தலைவலின்னு சுவத்துல முட்டிக்கிட்டே. பாக்கப் பொறுக்கலை." கொஞ்சமும் அசராமல் சொன்னாள். "தெரியாம தின்னது பொருத்தனையை முறிக்காது. நான் அதையெல்லாம் யோசிச்சுத்தான் போட்டேன். மலை மேல உன் பிடி இன்னும் விடலை. ஹால்வார், நீயும் ஒரு துண்டு எடுத்துக்க. எடுத்துக்கிட்டுப் படகுக்குப் போ. நான் வரலை."

ஹால்வார் அக்கா பக்கம் திரும்பினான். "நீ வரலையா? நீயா?"

"நான் பொறந்த வீடு இது. முதல் சிவப்பு வந்தப்பவே இவன்கிட்ட சொல்லிட்டேன், என்னைப் பொணமா எடுத்துட்டுப் போனாத்தான் உண்டுன்னு. இவன்தான் மூட்டை கட்டி வாசல்ல வச்சுட்டு உக்காந்திருந்தான். நான் நகரலைன்னதும் ஜெபவீட்டுக்குப் போனான்."

எய்லிவ் வாயிலிருந்ததை விழுங்கினான். எதிராளியின் தலைக்கு மேலே பார்க்கிறவன், முதல் தடவையாக ஹால்வாரின் கண்ணைப் பார்த்தான்.

"உங்க அக்காவை நீ நகத்திப் பாரேன்," என்றான். "எனக்கு மலையைத் தாங்கிறது சுலபமா இருந்தது."

மேலே ஏதோ முறிந்தது. சாம்பல் நிறத் தூசி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. குன்வோர் அலமாரிக் கதவை முதுகால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். தட்டு விழுந்துவிடுமே என்று. எய்லிவ் அவளைப் பார்த்தான், அவள் பிடித்திருந்த அலமாரியைப் பார்த்தான். அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போனான். கெண்டியைத் தூக்கினான். கோப்பையில் ஊற்றி, சாசருக்கு மாற்றாமல், சர்க்கரை இல்லாமல், நின்றபடியே மடமடவென்று குடித்தான். கண்ணை மூடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, சூடோ என்னவோ.

"எய்லிவ்! என்ன காரியம் பண்ணினே!"

"தெரிஞ்சுதான் குடிச்சேன்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "இப்ப பொருத்தனை இல்லை. மேல யாரும் பிடிச்சுக்கிட்டு இல்லை, குன்வோர். கோட்டை எடு."

ஹால்வார் அக்காவின் முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தான். அந்த முகத்தில் பயம் வந்தது. மலைக்கு வராத பயம், இருபது சென்டிமீட்டருக்கு வராத பயம், ஒரு கப் காபிக்கு வந்தது. அவள் பூனையைத் தூக்கினாள். கோட்டை மறந்தாள். எய்லிவ் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

ஸ்டெய்னார் இருபது நிமிஷத்துக்கு மேல் ஏழு நிமிஷம் காத்திருந்தான். அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

மறுநாள் மத்தியானம் இரண்டு இருபதுக்குப் பாதிரியின் தலை விழுந்தது. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் காபிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் சத்தமே இல்லை. மலை தலை குனிந்தது, யாரோ கேட்ட கேள்விக்குச் சம்மதம் சொல்கிற மாதிரி. அப்புறம் சத்தம். தூசி அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே இருந்த பண்ணை இல்லை. வீடு, தொழுவம், அலமாரி, தட்டு, மேஜையில் மிச்சம் வைத்த கேக் எல்லாம் வீடு அளவுக்குக் கிடந்த பாறைகளுக்குக் கீழே. மற்ற எட்டு வீட்டுக்கும் முற்றத்துக்கு முன்னாலேயே கல் நின்றுவிட்டது. ஆள் சேதம் இல்லை. பதினாறு ஆடும் இரண்டு பசுவும் முதல் நாளே அக்கரைக்கு வந்தாயிற்று. ஆட்டுக்கு அக்காவைவிட அறிவு.

இதற்கு எய்லிவுக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? ஒரு கும்பிடாவது கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது வேறு. பதினொரு வருஷம் சிவப்பு வந்ததும் மூட்டை கட்டின ஊர், விழுந்த அன்றைக்குத்தான் அவனை முழுசாக நம்ப ஆரம்பித்தது.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? எங்க உருளைக்கிழங்கு பூரா மண்ணுக்குள்ள!"

"அவ்வளவு நாளு அடக்கினவனுக்கு அந்த ஒரு கப்பை அடக்க முடியலை பாரு."

"எங்க மேட்டு வைக்கோல் கொட்டகை போச்சு. எல்லாம் அந்த நாக்காலே."

ஜெபவீட்டில் ஒருத்தி எழுந்து நின்று, கண்ணீரோடு, எய்லிவை மன்னித்துவிட்டதாகச் சாட்சி சொன்னாள். வாசனை சோப்புக்காரிதான். ஸ்டெய்னார்கூட, வாயில் காபியோடு, "ஒரு கப்புக்காக ஒரு மலையையே கவுத்துட்டான்" என்றான். ஹால்வார் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினான்.

"எங்க அக்கா உசுரோட இருக்கா. இன்னொரு தடவை சொன்னே, இந்தக் கெண்டியும் நீயும் கடல்லே."

ஸ்டெய்னார் காபியை விழுங்கிவிட்டுச் சுக்கானுக்குப் போனான். ஹால்வாருக்குத் தன்னைப் பார்த்தே கோபம். எய்லிவுக்காக வக்காலத்து வாங்குகிற நாளும் வந்ததே.

ஊர் சொன்னது சரிதான் என்று எய்லிவே நம்பினான். ஆண்டவரிடம் கொடுத்த வார்த்தையைத் தெரிந்தே முறித்தவன் என்று ஜெபவீட்டில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். கெண்டியை வேறொருவரிடம் கொடுத்தான். இனிமேல் தாராளமாகக் குடிக்கலாமே என்று கேட்டதற்கு, பழக்கம் விட்டுப்போச்சு என்றான். அந்த ஒரு கப்பைப் பற்றி ஹால்வார் ஒரு தடவை கேட்டான். "நல்லாவே இல்லை," என்றான். "உங்க அக்கா மீன் தோல் போடலை."

இரண்டு வருஷத்தில் இருதயம் கெட்டு, அக்கரை முதியோர் இல்லத்தில் படுத்தான். ஜன்னலுக்கு எதிரே பாதிரி. தலை இல்லாத பாதிரி. தோளும் தொப்பையும் அப்படியே நிற்கின்றன, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கின்றன. அந்தத் தொப்பை கடலுக்குள் சரிந்தால் அக்கரைக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்று அளவைக்காரர்கள் சொல்கிறார்கள். அரசாங்கம் குன்வோருக்கு மேட்டில் ஒரு வீடு காட்டியது. அவள் கரையில், தண்ணீருக்கு இருபது அடி தள்ளி, ஒரு பழைய மர வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால்தான் பிறந்த வீடு இருந்த இடம் தெரிகிறதாம்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் ஹால்வார் பார்க்கப் போனான். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய காபி கையில். அன்றைக்கு அது ஒன்பதாவது கப். எய்லிவின் நீட்டு மூக்கு இன்னும் நீண்டிருந்தது. மற்றதெல்லாம் சுருங்கியிருந்தது.

"மேட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிக் கேட்டியா அவளை?"

"கேட்டேன். பொணமா எடுத்துட்டுப் போனாத்தான் உண்டாம்."

"ஆமா. எங்கிட்டயும் அதேதான்." கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். "ஆக யாராவது பிடிச்சுக்கணும், ஹால்வார்."

"எதை?"

எய்லிவ் ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் ஹால்வாரின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான்.

"நான் ஜெபவீட்டுப் பக்கமே வராதவன் மச்சான். உலகத்தான். நீதானே சாட்சி சொன்னே."

"அதனாலதான் சொல்றேன். விடறதுக்கு எங்கிட்ட ஒண்ணுதான் இருந்தது, அதையும் முறிச்சாச்சு. உங்கிட்ட எல்லாமே இருக்கு. ஆனா உனக்குப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும்."

ஹால்வார் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். பாதிரியின் தொப்பைக்கு நேர் முன்னால் அது ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

"குன்வோர்கிட்ட சொல்லாத," என்றான் எய்லிவ். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே ஹால்வார் நினைத்தான். கையைக் கோப்பைப் பக்கம் கொண்டுபோனான்.

"கேக்கையும் சேத்துத்தான் சொல்றேன்."